ஏழு நாட்கள்

2025 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் வீட்டிலிருந்த பூனை இறந்துபோனது. திங்கட்கிழமை அலுவலகக் கூட்டத்தில், வார இறுதி எப்படிப் போனது என்று ஒருவர் வழக்கம்போலக் கேட்டார். சொன்னேன். “அடடா, உங்கள் பூனையா?” என்றார். இல்லை, ஒரு காப்பகத்தின் பூனை, நாங்கள் தற்காலிகமாக வைத்திருந்தோம் என்றேன். “ஓ, அப்படியா” என்றார். அந்த “அப்படியா”வில் ஒரு நிம்மதி இருந்தது. துக்கம் விசாரிக்கும் கடமையிலிருந்து அவர் விடுபட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய இடத்தில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அன்று மாலை ஊருக்குப் பேசினேன். என் குரலை வைத்தே அம்மா கண்டுபிடித்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பூனைக்கா எய்யா இப்படி இருக்க? உங்கப்பாவுக்குக்கூட நீ அழலையே” என்றார். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்கு ஆச்சரியம். எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது. இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் தேடிய பதில்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில். 2002இல் முதுகலைப் படிப்புக்காக வந்தேன். படிப்பு முடிந்து வேலை, வேலைக்குப் பின் கல்யாணம், குழந்தை, வீட்டுக்கடன் என்று இருபது வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டன. 2023 நவம்பரில் மகள்தான் காப்பகத்தைப் பற்றிச் சொன்னாள். பூனைகளைத் தத்து எடுக்க ஆள் கிடைக்கும்வரை சில வாரங்கள் நம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். உணவும் மருந்தும் அவர்கள் செலவு. ஆறு வாரம் என்று சொல்லி ஒரு கூடையைக் கொடுத்தார்கள். உள்ளே கறுப்பும் செம்பழுப்பும் கலந்த ஒரு கிழட்டுப் பெண் பூனை. பதினான்கு வயது இருக்கலாம் என்றார்கள். வளர்த்த மூதாட்டி முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். அங்கே பூனைக்கு அனுமதி இல்லை.

அதற்கு ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. எங்கள் வாயில் அது நிற்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை மோந்து பார்த்துவிட்டு, “இதையெல்லாம் மனுஷர் திம்பாங்களா” என்பதுபோல எங்களை ஏறிட்டுப் பார்ப்பதில் திருநெல்வேலியிலிருந்த என் அப்பாவின் அம்மாவை அப்படியே நினைவுபடுத்தியதால் “ஆச்சி” என்று கூப்பிட ஆரம்பித்தோம்.

ஆச்சிக்குச் சிறுநீரக நோய். வயதான பூனைகளில் மிகவும் சாதாரணமான நோய் இது. பூனையின் சிறுநீரகம் சத்தம் போடாமல் தேய்ந்துகொண்டே வரும். சாதாரண இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் ஏறியிருப்பது தெரியும் நேரத்தில், பெரும்பாலும் முக்கால் பங்கு செயல்பாடு போயிருக்கும். நான்கு கட்டங்களாக நோயைப் பிரிக்கிறார்கள். எங்களிடம் வந்தபோது ஆச்சி மூன்றாவது கட்டத்தில் இருந்தாள். இதற்குக் குணம் என்பது கிடையாது. பாஸ்பரஸ் குறைந்த உணவு, இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், பசிக்கு ஒரு மருந்து, நீர் வற்றாமலிருக்கத் தோலுக்கடியில் திரவம் என்று நாட்களை நீட்டலாம், அவ்வளவுதான். இப்படி ஒரு பூனையைத் தத்து எடுக்க யாரும் வரவில்லை. ஆறு வாரம் பதினைந்து மாதமானது.

திரவம் ஏற்றும் வேலை என்னுடையது. ஒருநாள் விட்டு ஒருநாள் இரவு எட்டு மணிக்கு. தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம்போலத் தூக்கிப் பிடித்து ஊசியைச் செலுத்த வேண்டும். நூறு மில்லி. பை கதவின் மேல் கொக்கியில் தொங்கும். முடிந்ததும் முதுகில் ஒரு சின்னத் திமில் எழும்பியிருக்கும். அது மெல்ல இறங்கி ஒரு முன்னங்காலுக்குப் போய்ச் சேரும். முதல் வாரம் என் கை நடுங்கியது. மூன்றாவது மாதத்தில், கொக்கியில் பையை மாட்டும் சத்தம் கேட்டாலே ஆச்சி தானாக வந்து துண்டின் மேல் உட்கார ஆரம்பித்தாள். என்னை நம்பினாள் என்று நான் சொல்லிக்கொள்வேன். ஊசி முடிந்ததும் கிடைக்கும் மீன் துண்டை நம்பினாள் என்று மனைவி சொல்வாள். அதற்காகத்தான் சனிக்கிழமைதோறும் கர்க்கேட் சந்தையின் மீன் கடைகளுக்குப் போய்வந்தேன்.

நான் கணினி ஆலோசகன். எதையும் அட்டவணையில் போடாமல் இருக்க முடியாது. எடை, குடித்த தண்ணீர், சாப்பிட்ட கிராம், வாந்தி, எல்லாவற்றுக்கும் ஒரு கோப்பு. கடைசிப் பத்தியில் “நல்ல நாள் / கெட்ட நாள்”. மருத்துவர் சொல்லிக்கொடுத்த முறை அது. கெட்ட நாட்கள் நல்ல நாட்களை விட அதிகமாகும்போது பேசுவோம் என்றார். 3.1 கிலோவில் வந்தவள் 2025 ஜனவரி கடைசியில் 2.2 கிலோ இருந்தாள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காப்பகத்தின் ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. புதிய இரத்த அறிக்கை நான்காவது கட்டத்தைக் காட்டுகிறது, நேரம் வந்துவிட்டது என்று மருத்துவர் நினைக்கிறார் என்றார். பிறகு, “கையெழுத்து எங்களுடையது. ஆனால் அவளோடு இருப்பவர் நீங்கள். நீங்கள் சொல்லுங்கள்” என்றார்.

உண்மையில் எனக்கு எந்த உரிமையும் இல்லை. 2024 ஜூன் முதல் இங்கிலாந்தில் வீட்டுப் பூனைகளுக்கு மைக்ரோசிப் பொருத்துவது சட்டப்படி கட்டாயம். ஆச்சியின் கழுத்துத் தோலுக்குள் இருந்த அந்த அரிசிமணி அளவுள்ள சிப்பில் காப்பகத்தின் பெயர்தான் பதிவாகியிருந்தது. அந்தத் தோலைத்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் நான் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். சட்டம் அவர்களிடம் இருந்தது, விவரம் என்னிடம் இருந்தது. அவர் விவரத்தை நம்பினார்.

நான் ஒரு வாரம் கேட்டேன். பசி மருந்தின் அளவை மாற்றியிருக்கிறார்கள், வேலை செய்கிறதா என்று பார்க்கலாம் என்றேன். சரி என்றார்.

அந்த ஏழு நாட்களின் அட்டவணை இன்னும் என்னிடம் இருக்கிறது. ஐந்து நாட்களில் “நல்ல நாள்” என்று போட்டிருக்கிறேன். ஆரம்பத்தில் நல்ல நாள் என்றால் ஒரு பொட்டல உணவை முழுதாகச் சாப்பிட்ட நாள். டிசம்பரில் பாதி சாப்பிட்டால் நல்ல நாள். அந்த வாரத்தில், குழம்பை இரண்டு முறை நக்கினால் நல்ல நாள். வியாழக்கிழமை, கூப்பிட்டதற்குத் தலையைத் தூக்கியதால் நல்ல நாள். என் தொழிலில் இதற்குப் பெயர் உண்டு. சோதனையில் தேறாத மென்பொருளைத் தேறவைக்க, சோதனையின் விதியையே தளர்த்துவது. அதைச் செய்யும் இளைஞர்களைக் கண்டித்திருக்கிறேன்.

ஆச்சியின் வாயில் புண் வந்திருந்தது. மூச்சில் அம்மோனியா வாடை. தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னால் தலையைத் தொங்கப்போட்டபடி குடிக்காமல் உட்கார்ந்திருப்பாள். பூனைகள் வலியை மறைக்கும் என்று படித்திருக்கிறேன். இதைப் பார்க்க எந்தப் படிப்பும் தேவையில்லை.

மகள் அப்போது நியூகாசிலில் பல்கலைக்கழக முதலாண்டு. வெள்ளிக்கிழமை மாலை ரயிலில் வந்தாள். பையை இறக்கிவைக்காமலே ஆச்சியின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்து, “எத்தனை நாளாப்பா இப்படி இருக்கு?” என்றாள்.

“ஒரு வாரமா.”

“ஏன் வச்சிருந்தீங்க?”

“நீ வரட்டும்னுதாம்மா.”

அவள் கோபப்படவில்லை. “நான் கேக்கலையேப்பா” என்றாள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு மருத்துவமனையில் எல்லாம் முடிந்தது. முதலில் ஒரு மயக்க ஊசி, பிறகு முன்னங்காலில் மொட்டையடித்த சிறு வட்டத்தில் இன்னொன்று. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆங்கிலத்தில் இதைத் தூங்கவைப்பது என்பார்கள். தமிழில் நம்மிடம் இருப்பது “கருணைக்கொலை”. பாதி சொல் கருணை, பாதி சொல் கொலை. காரில் திரும்பும்போது, நம் சொல்தான் நேர்மையானது என்று தோன்றியது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. கொல்வதற்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. கொல்லாமல் நான் செய்த அந்த ஏழு நாட்களுக்கு என்ன சொல் இருக்கிறது?

1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று நோயுற்றுத் தீராத வேதனையில் கிடந்தது. பிழைக்க வழியில்லை என்று தெரிந்தபின், காந்தி ஒரு மருத்துவரை வரவழைத்து ஊசி போட்டு அதன் உயிரைப் போக்கச் செய்தார். தன் பத்திரிகைகளில் அதைப் பற்றி வெளிப்படையாக எழுதவும் செய்தார். அகிம்சை பேசுபவர் பசுவின் கன்றைக் கொல்லலாமா என்று கண்டனங்கள் வந்து குவிந்தன. அவர் பின்வாங்கவில்லை. தன்னலம் கலக்காமல், அந்த உயிரின் வேதனையை நீக்குவது ஒன்றையே கருதிச் செய்தால் அது இம்சை ஆகாது என்பது அவர் வாதம். வேறு வழியே இல்லாத வேதனையில் தன் பிள்ளை கிடந்தாலும் அதையே கடமையாகக் கொள்வேன் என்றும் எழுதினார்.

இதை எல்லோரும் கொல்வது பற்றிய விவாதமாகத்தான் படித்திருக்கிறோம். நானும் அப்படித்தான் படித்தேன். இப்போது படிக்கும்போது வேறொன்று கண்ணில் படுகிறது. கொல்கிறவனிடம் நாம் கணக்குக் கேட்கிறோம். உன் நோக்கம் என்ன, இதில் உனக்கு என்ன லாபம் என்று குடைகிறோம். வைத்துக்கொண்டிருப்பவனிடம் யாரும் கேட்பதில்லை. ஓர் உயிரைப் பிடித்துவைப்பது எப்போதும் அன்பு என்றே எடுத்துக்கொள்கிறோம். காந்தி சொன்ன அந்தத் தன்னலம் என்ற சோதனையை வைத்திருந்த நாட்களுக்கும் போட்டுப்பார்த்தால் என்ன ஆகும்? என் ஏழு நாட்கள் தேறாது. மருந்து வேலை செய்யுமா என்று பார்க்க அவற்றைக் கேட்டதாகச் சொன்னேன். அந்த வாரம் ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தில் புதிய அமைப்பு செயல்பாட்டுக்கு வரவிருந்தது. அதன் நடுவே இன்னொரு பாரத்தைத் தூக்க எனக்குத் தெம்பில்லை. மகள் வராமல் முடித்தால் அவள் என்ன நினைப்பாளோ என்ற பயம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, “ஆம், இன்று” என்ற இரண்டு சொற்களைச் சொல்லும் வாய் என்னுடையதாக இருக்கக் கூடாது என்று விரும்பினேன். அந்த வாரத்தில் ஆச்சிக்கென்று எதுவுமே இல்லை.

“நான் கேக்கலையேப்பா.” மகள் கேட்கவில்லை. ஆனால் 2019இல் நான் கேட்டிருந்தேன்.

அப்பாவுக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. மூளையில் இரத்தக் கசிவு. ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் செயற்கைச் சுவாசத்தில் வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் அண்ணன் போன் செய்தான். “டாக்டர் இனி ஒண்ணும் இல்லங்காருல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கன்னு சொல்லுதாரு. என்ன செய்ய?” உயிர்காக்கும் கருவியை விலக்குவது குறித்து 2018 மார்ச்சிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதன் நடைமுறை கடினமாக இருக்கிறது என்று 2023இல் அதை எளிமையாக்கவும் செய்தது. எங்கள் ஊர் மருத்துவமனை வராந்தாவில் அதெல்லாம் யாருக்கும் தெரியாது. அங்கே நடைமுறை என்பது “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்” என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடுவது. போட்டால் குழாயை எடுப்பார்கள். ஆம்புலன்ஸ் வீடு வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும்.

“நான் வர்ற வரைக்கும் வச்சிருங்க” என்றேன். மான்செஸ்டரிலிருந்து துபாய், அங்கிருந்து திருவனந்தபுரம், அப்புறம் காரில் நாகர்கோவில் வழியாக. டிக்கெட் கிடைத்து நான் போய்ச் சேர மூன்று நாளானது. அப்பாவின் கை வீங்கியிருந்தது. பிடித்துக்கொண்டேன். அன்று மாலை அண்ணன் கையெழுத்துப் போட்டான். வீட்டில் எல்லோரும் வரிசையாக நின்று வாயில் பால் விட்டோம். சொந்தக்காரர்கள் என் தோளைப் பிடித்து ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: “உனக்காகத்தாம்யா உயிரைப் பிடிச்சு வச்சிருந்தாரு.”

ஆறு வருடமாக அந்த வாக்கியம் எனக்கு ஒரு போர்வையாக இருந்தது. அப்பா எனக்காகக் காத்திருந்தார். எனவே அழுவதற்கு எதுவும் மிச்சமில்லை. அம்மா கவனித்தது சரிதான். ஆச்சி போன அன்று அந்தப் போர்வை விலகிவிட்டது. அப்பா உயிரைப் பிடித்துவைக்கவில்லை. இயந்திரம் பிடித்துவைத்திருந்தது. பிடித்துவைக்கச் சொன்னது நான்.

இரண்டும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றில்லை என்று எனக்கும் தெரியும். மனிதருக்கு நாளை என்ற ஒன்று உண்டு. இளைய மகன் வருவான் என்று தெரிந்திருந்தால், வலியோடு மூன்று நாள் கிடக்க அப்பாவே சம்மதித்திருக்கலாம். அவர் அப்படிப்பட்டவர்தான். தெருமுனையில் நின்று பேருந்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பூனைக்கு அப்படி எந்த வெள்ளிக்கிழமையும் இல்லை. அதற்கு இருப்பதெல்லாம் இப்போது நாவில் இருக்கும் புண்தான். மகளின் வருகையால் ஆச்சியின் ஒரு மணி நேர வேதனைக்குக்கூட அர்த்தம் கற்பித்துவிட முடியாது. அதனால் பூனையிடம் நான் பட்ட கடன்தான் பெரியது. ஆனால் அப்பாவிடம் நான் கேட்கவில்லை. கேட்டு அவர் சம்மதித்ததாக, ஊர் சொன்ன வாக்கியத்தை வைத்து நானே தீர்மானித்துக்கொண்டேன். பூனையின் விஷயத்தில் அந்த வசதி எனக்கு இல்லாமல் போயிற்று. பூனை உனக்காகக் காத்திருந்தது என்று சொல்ல லீட்ஸில் எனக்குச் சொந்தக்காரர்கள் இல்லை.

அந்தப் பூனை உங்களுடையதுகூட இல்லையே என்று கேட்பவர்களுக்கும் இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. நம் அக இலக்கியத்தில் பெற்றவளுக்கு நற்றாய் என்று பெயர், வளர்த்தவளுக்குச் செவிலி. பெண் காதலனோடு போய்விட்டால் வீட்டிலிருந்து புலம்புகிறவள் நற்றாய். பாலை வழியில் இறங்கி, எதிரே வருகிறவர்களிடம் என் மகளைக் கண்டீர்களா என்று கேட்டுக்கொண்டே போகிறவள் பெரும்பாலும் செவிலி. கலித்தொகையின் ஒரு பாலைப் பாட்டில் அப்படிக் கேட்கும் செவிலியிடம், சந்தனம் மலையில் பிறந்தாலும் மலைக்கு ஆவதில்லை என்ற பொருளில் வழிப்போக்கரான அந்தணர் சமாதானம் சொல்கிறார்கள். எண்ணிப்பார்த்தால், அந்தப் பெண் உனக்குப் பிறந்தவள் இல்லையே என்று அவர்கள் அவளிடம் சொல்லவில்லை. அவளுடைய துக்கத்துக்கு உரிமைப் பத்திரம் கேட்கவில்லை. வளர்த்தவளுக்கு அது உண்டு என்று எடுத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள்.

துக்கம் உரிமையிலிருந்து வருவதில்லை, செய்த வேலையிலிருந்து வருகிறது என்றே நினைக்கிறேன். நூறு மில்லி, ஒருநாள் விட்டு ஒருநாள், பதினைந்து மாதம். கை அதைப் பழகிவிட்டது. இப்போதும் இரவு எட்டு மணிக்குக் கதவுக் கொக்கியைப் பார்க்கிறேன். அப்பாவுக்கு நான் அப்படி எந்த வேலையும் செய்ததில்லை. பதினேழு வருடம் மாதாமாதம் பணம் அனுப்பினேன், ஞாயிறுதோறும் பேசினேன். மகன் என்ற உரிமை மட்டும் முழுதாக இருந்தது. “வச்சிருங்க” என்று என்னால் சொல்ல முடிந்ததும் அந்த உரிமையால்தான். அவர் படுக்கையைத் துடைத்து, குழாயைப் பார்த்துக்கொண்டு அந்த மூன்று நாளும் பக்கத்தில் இருந்தவன் அண்ணன்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு அண்ணனைக் கூப்பிட்டேன். பூனையில் ஆரம்பித்து அப்பாவுக்கு வந்தேன். “நான் வர்றதுக்காக அப்பாவை மூணு நாள் கஷ்டப்படுத்திட்டேன்ல. நீ அன்னிக்கே கையெழுத்துப் போட்டிருப்ப” என்றேன்.

அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. இணைப்புப் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“போட்டிருக்க மாட்டேம்ல” என்றான். “நீ வர்றேன்னு சொன்னது எனக்கு நல்லதாப் போச்சு. எனக்குப் பேனாவைப் பிடிக்கவே பயமா இருந்துது. உன் பேரைச் சொல்லி நானும் மூணு நாள் ஒளிஞ்சுகிட்டேன்.”

அதன்பின் இருவரும் கொஞ்ச நேரம் அப்பாவைப் பற்றிப் பேசினோம். அவர் பேருந்து நிறுத்தத்தில் நிற்பது, மீன் குழம்பை மறுநாள்தான் சாப்பிடுவேன் என்று பிடிவாதம் பிடிப்பது. ஆறு வருடத்தில் முதல்முறையாக நான் அழுதேன். அவனும் அழுதானென்று நினைக்கிறேன், மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

காப்பகத்தின் ஒருங்கிணைப்பாளர் ஏப்ரலில் மறுபடி கூப்பிட்டார். பன்னிரண்டு வயது ஆண் பூனை, சர்க்கரை நோய், தினமும் இரண்டு வேளை இன்சுலின் போட வேண்டும், முடியுமா என்றார். முடியும் என்றேன். வைப்பதற்கு முன்னால் ஒன்று சொன்னேன்: “போன முறை நான் ஒரு வாரம் கேட்டேனே, அது அவளுக்காக இல்லை.”

“தெரியும்” என்றார் அந்த அம்மாள். “நானும் சரி என்றுதானே சொன்னேன். அடுத்த முறை நீங்கள் கேட்டால், எதற்கு என்று கேட்பேன்.”

கேளுங்கள் என்றேன். சனிக்கிழமை கூடையோடு வருகிறார்கள்.